மாமியார் விட்டுப்போன மாத்திரை

விதோமிரின் மானம் ஐம்பது தினாருக்குப் போயிற்று. பிரோட் ஊர்ச் சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு முழு ரொட்டி கிடைக்காது. பேரம் பேசத் தெரிந்தவன் என்றால் ஒரு கட்டுப் பச்சை வெங்காயம் வாங்கலாம், அதுவும் சந்தை கலைகிற நேரத்தில். சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்ப்பதற்குச் சீட்டு வாங்க அவ்வளவுதான் செலவு. அந்த ஐம்பதை மிச்சம் பிடித்தவள் அவன் மனைவி தெசாங்கா.

பிரோட்காரர்களின் சிக்கனத்தைப் பற்றி செர்பியா முழுவதும் கேலி பேசும். அந்தக் கேலியில் பாதி பொய், மீதிப் பாதி குறைத்துச் சொன்னது. தெசாங்கா அதை வசவாக எடுத்துக்கொண்டதே இல்லை. காசு கொடுக்காமல் கிடைத்த விளம்பரம் என்று எண்ணிக்கொள்வாள். சந்தையில் அவளும் கணவனும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்றார்கள். கட்டியை வெட்டும்போது உதிர்கிற தூளைக்கூடத் தனியாகச் சேர்த்து, அப்பத்துக்குள் வைக்க உகந்தது என்று சொல்லி, முழுக் கட்டியின் விலைக்கே தள்ளிவிடுவாள். வாங்கிப் போனவர்கள் அடுத்த வாரம் தூளையே கேட்டு வந்ததும் உண்டு.

அந்த வசந்தத்தில் அவள் மாமியார் யோர்தானா எண்பத்தேழாவது வயதில் போய்ச் சேர்ந்தாள். கிழவியின் கம்பளிகள் பெட்டிக்குப் போயின, செருப்புகள் பக்கத்து வீட்டு கிரோஸ்தாவுக்குப் போயின, பல்செட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் கிழவி மாதம் தவறாமல் மருந்துக்கடைக்குப் போய்த் தன் பங்கை வாங்கி வந்துவிடுவாள். அரசாங்கம் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன தலைநகர் பெல்கிரேடில் பிறந்தவளா? மாத்திரைகள் எல்லாம் பளிச்சென்று, உறை பிரியாமல் இருந்தன. அவற்றைக் குப்பையில் போட தெசாங்காவின் கை இரண்டு முறை நீண்டது, இரண்டு முறையும் பாதியில் திரும்பிவிட்டது.

செப்டம்பரில் மிளகாய் வறுக்கும் வாசனை தெருவெல்லாம் நிறைந்திருந்த ஒரு காலையில், கிரோஸ்தா தன் ரத்த அழுத்த மிஷினைத் தூக்கிக்கொண்டு காப்பிக்கு வந்தாள். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். ஒரு வாய் காப்பி, ஒரு வாய் ஊர்க்கதை, நடுவில் ஆளுக்கொரு தடவை கையில் பட்டை. மிஷினின் பேட்டரியை கிரோஸ்தா தனியாகப் பைக்குள் முடிந்து வைத்திருப்பாள். சும்மா கிடந்தால் தீர்ந்துவிடும் என்று பயம்.

"கையை நீட்டு விதோ அண்ணா," என்றாள்.

"நான் என்ன சந்தைக்கு வந்த மாடா? பிடிச்சுப் பாத்துட்டுத்தான் விலை சொல்லுவியா?"

"உன்னை ஓசியில குடுத்தாலும் ஓட்டிட்டுப் போக ஆளில்ல. நீட்டு."

மிஷின் உறுமி, பெருமூச்சு விட்டு, நூற்றைம்பத்தைந்து என்றது. கிரோஸ்தா உதட்டைப் பிதுக்கினாள்.

"டாக்டர்கிட்டக் காட்டு அண்ணா."

"உன் மிஷினுக்குத்தான் கொதிப்பு. டாக்டர்கிட்டப் போனா ஏதாவது ஒண்ணு இருக்கும்பான். போகலன்னா ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிவிட்டு விதோமிர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தெசாங்காவும் வற்புறுத்தவில்லை. சீட்டுக்கு ஐம்பது, போய்க் காத்திருப்பதில் ஒரு காலை வியாபாரம், அப்புறம் மருந்துக்கடை. கடைசியில் டாக்டர் எழுதப்போவது என்ன? கொதிப்பு மாத்திரை. கொதிப்பு மாத்திரை தன் அலமாரியிலேயே சும்மா கிடக்கிறது. எண்பத்தேழு வயதுவரை ஒரு கிழவியை நடமாட விட்ட சரக்கு; அவள் வயிற்றில் பிறந்தவனுக்கு ஒத்துக்கொள்ளாமலா போகும்? கொடுத்தால் விழுங்க மாட்டான் என்பதுதான் ஒரே சிக்கல். மறுநாள் காலையில் அரை மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் பொடித்து அவன் காப்பியில் கலந்தாள். விதோமிர் குடிப்பது சர்க்கரை இல்லாத கடுங்காப்பி. கசப்புக்குள் கசப்பு போனது யாருக்குத் தெரியும்?

ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் புருஷனின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற பெண்டாட்டி இந்தத் தெருவில் வேறு எவள் இருக்கிறாள் என்று அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழிந்தது. விதோமிர் கட்டிலிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. வீடு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்துச்சு."

கிரோஸ்தாவிடம் சொன்னதும், இரண்டு ஜன்னலையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தீர்களா என்று முதல் கேள்வி கேட்டாள். அந்த ஊரில் மனிதனுக்கு வருகிற எந்த வியாதிக்கும் முதல் சந்தேகம் ஊடுகாற்றின் மேல்தான் விழும். காதில் புகுந்து மூளையில் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். ஒரு ஜன்னலை அடைத்தார்கள். விதோமிருக்குக் கம்பளித் தொப்பி வந்தது. தலை சுற்றல் நிற்கவில்லை. குனிந்து பெட்டியை எடுத்தால் கண் இருட்டியது, நிமிர்ந்தால் கால் வேறு யாருடையதோபோல இருந்தது. நாள் முழுக்க ஒரே அசதி. கிரோஸ்தாவின் மிஷினுக்கு மட்டும் அவன் மறுபடி கை நீட்ட மறுத்துவிட்டான்.

"காத்தில்லன்னா கொதிப்பு ஏறியிருக்கு," என்றாள் கிரோஸ்தா. "தலை சுத்துதுன்னாலே கொதிப்புதான். என் கொழுந்தனுக்கும் இப்படித்தான்."

அது தெசாங்காவுக்கு நியாயமாகப் பட்டது. கொதிப்பு ஏறியிருக்கிறது என்றால் மருந்து போதவில்லை. அடுத்த நாளிலிருந்து அரையை முழுதாக்கினாள்.

சந்தையில் ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்கள். விதோமிர் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், சில்லறை கொடுக்கும்போது கை தடுமாறுவதையும், எதிர்க்கடை மிளகாய் வியாபாரி ஸ்வெத்கோ பார்த்தான். ஸ்வெத்கோ ஒன்றைப் பார்த்தால் சந்தை முழுவதும் பார்த்த மாதிரி.

"என்ன விதோ, விடியறதுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா? எங்களுக்கும் ஒரு சொட்டு வச்சிருந்திருக்கலாம்ல!"

விதோமிர் சிரித்துக்கொண்டான். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. ஒரு காலத்தில் அவன் பிளம் சாராயத்தில் மிதந்தவன். திருவிழாச் சந்தையில் ஒரு வண்டிப் பாலாடைக்கட்டியை ஒரே இரவில் தொலைத்துவிட்டு, வண்டியையும் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் வீடு வந்தவன். பிறகு விட்டான். குடியை விடுவதற்கு அவன் உடம்புக்கு ஒரு குளிர்காலம் போதுமாயிருந்தது. அவன் விட்டுவிட்டான் என்று ஊர் நம்புவதற்கு ஐந்து வருஷம் பிடித்தது. இப்போது ஊரில் அவனைக் காட்டி, "பாரு, அந்த ஆளாலேயே முடிஞ்சுது," என்று பெண்கள் தங்கள் புருஷன்மாருக்குச் சொல்வார்கள். அவனிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை அவன் உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை.

தெசாங்கா ஸ்வெத்கோவைப் பார்த்து முறைத்தாள். ஆனால் சொன்ன சொல் அவள் உள்ளே இறங்கிவிட்டது. தடுமாறுகிறான், வெளுத்துப்போகிறான், மத்தியானம் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அந்தப் பழைய நாட்களிலும் இப்படித்தானே? அன்று மாலை சட்டையைத் துவைக்கப் போடுவதுபோல எடுத்து மோந்து பார்த்தாள். ஆட்டுவாசனைதான் இருந்தது. மறுநாள் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தால் வாசலில் விதோமிர் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன தேடற?"

"கோழி முட்டை போட்டிருக்கான்னு."

"கோழி அந்தப் பக்கம்," என்றான் அவன்.

நவம்பரில் புனித திமித்ரி நாள் வந்தது. விதோமிரின் குடும்பத்துக்கு அவர்தான் குலத்துப் புனிதர். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே வருவார்கள், வந்தவனை நீ யார் என்று கேட்பதும் இல்லை. வீட்டுத்தலைவன் காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை உட்காரக் கூடாது. நின்றபடியே வரவேற்க வேண்டும், நின்றபடியே ஊற்ற வேண்டும், நின்றபடியே வழியனுப்ப வேண்டும். பிரோட்டில் விருந்தாளிக்குத் தாராளமாகக் கிடைப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

தலைவன் தெம்பாக நிற்கட்டும் என்று தெசாங்கா அன்று காலைக் காப்பியை மறக்காமல் கொடுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல், மெழுகுவர்த்தி எரிய, பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்து உட்கார்ந்திருக்க, விதோமிர் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் நிறைந்த தட்டோடு மேசையைச் சுற்றி வந்தான். தான் ஒரு சொட்டும் தொடாதவன் ஊருக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து இரண்டு பேர் கேலி செய்தார்கள், அவனும் பதிலுக்கு ஏதோ சொன்னான். பிறகு சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். முகம் மெழுகுபோல ஆயிற்று. தட்டு சாய்ந்தது. கோப்பைகள் பாதிரியாரின் மடியில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. விதோமிர் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். பூசைக்கு வைத்த ரொட்டி உருண்டு போய் அடுப்புக்குக் கீழே நின்றது.

தெசாங்காவின் குரல் கேட்டது. அவ்வளவு உரக்கப் பேசுவோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"குடிச்சிருக்க! புனிதர் நாள்ல, பாதிரியார் முன்னால, என் வீட்டுல! எனக்குத் தெரியும், ஒரு மாசமா எனக்குத் தெரியும். எங்க ஒளிச்சு வச்சிருக்க? வாயைத் திற, ஊது, எல்லாரும் பாக்கட்டும்!"

விதோமிர் தரையிலிருந்து அவளைப் பார்த்தான். மறுக்கவில்லை. கோப்பைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தான். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, வழக்கப்படி, கடைசி ஆள் போகும்வரை நின்றுகொண்டே இருந்தான். அவன் வாயருகே யாரும் மோந்து பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் சந்தையில் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கி நிமிர்ந்தவன், பெட்டியோடு மல்லாந்து விழுந்தான். இந்த முறை கண் திறக்கவில்லை. ஸ்வெத்கோதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்பாசிச் இளவயதுக்காரி. இரண்டு நாள் தூங்காதவள்போல் இருந்தாள், ஆனால் கேள்விகள் மட்டும் தூக்கமில்லாதவள் கேட்கிற மாதிரி இல்லை. வயரெல்லாம் ஒட்டிக் கிடந்த விதோமிர் கண்ணை விழித்துப் பதில் சொன்னான். தெசாங்கா கட்டிலின் கால்மாட்டில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா இந்தத் தலை சுத்தல்?"

"கொஞ்ச நாளா, டாக்டரம்மா."

"கொஞ்சம்னா?"

"மிளகாய் வறுத்த நாள்லேர்ந்து."

"ரெண்டு மாசமா!" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "படுக்கையில புரளும்போது அறை ராட்டினம் மாதிரி சுத்துதா? அப்படின்னா காதுக்குள்ள கோளாறு, அஞ்சு நிமிஷத்துல தலையைத் திருப்பியே சரி பண்ணிடலாம்."

"இல்லம்மா. எந்திரிச்சாத்தான். கண்ணு இருட்டும்."

"காது அடைச்சுக்குதா, இரைச்சல்? இல்ல? முழங்கால் வலிக்கு மாத்திரை ஏதாவது தினமும் போடறீங்களா? மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதா? சில பேருக்கு உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், தலை சுத்தறதைத் தவிர வெளிய ஒண்ணும் தெரியாது."

"அதெல்லாம் இல்ல."

"பேச்சு குழறல், ஒண்ணு ரெண்டாத் தெரியறது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது, நெஞ்சு வலி?"

"இல்லம்மா. ஆனா இப்போ மயக்கம் போட்டுடுச்சு."

"அதுதான். இதுல ஒண்ணு வந்தாலும் அந்த மணி நேரமே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். மயக்கமும் அதே கணக்குதான். அதுவரைக்கும் விடறதே தப்பு. ஒரு வாரம் தாண்டியும் தலை சுத்தல் நிக்கலன்னா யாராயிருந்தாலும் வந்து காட்டணும். நீங்க ஏன் வரல?"

விதோமிர் கூரையைப் பார்த்தான். "வந்தா என்ன எழுதுவீங்கன்னு தெரியும்மா. ஊர்ல எல்லாரும் சொல்றதைத்தான் எழுதுவீங்க. பழைய குடிகாரன்னு."

டாக்டர் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள்.

"ரத்தத்துல சாராயம் ஒரு சொட்டுகூட இல்ல, அதைப் பாத்தாச்சு. சர்க்கரையும் சரியா இருக்கு. ஆனா இதயம் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுதான் அடிக்குது. எந்திரிச்சு நின்னா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகுது. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"கொதிப்புக்கு? இதயத்துக்கு? இந்த மாதிரி இதயத்தை மெதுவாக்கற மாத்திரைங்க இருக்கு."

"நான் மாத்திரையே விழுங்க மாட்டேன். இவளைக் கேளுங்க."

டாக்டர் திரும்பினாள். இதயத்தை மெதுவாக்கற மாத்திரை. கரண்டியின் பின்புறம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது கண் முன்னால் வந்தது. அரை. பிறகு முழுசு.

"இல்ல டாக்டரம்மா," என்றாள். "ஒண்ணும் சாப்பிடறதில்ல."

வாயிலிருந்து அது தானாகவே விழுந்துவிட்டது, விலை கேட்டவனுக்கு முதல் விலை சொல்கிற பழக்கத்தில். முதலில் சொல்வது எதுவும் கடைசி விலை அல்லவே. பிறகு இறங்கிக்கொள்ளலாம், தனியாகப் பார்த்து மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள்.

"அப்படின்னா இதயத்தோட மின்சார வேலையிலயே கோளாறு. நாளைக்குக் காலையில நீஷ் நகரத்துக்கு அனுப்பறோம். நெஞ்சுல ஒரு சின்ன மிஷின் வைப்பாங்க, இதயம் தூங்கிப்போனா அது தட்டி எழுப்பும். பயப்படாதீங்க, இப்பல்லாம் சாதாரணம்."

டாக்டர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். தெசாங்கா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். காலையில் கொடுத்த காப்பிதான் கடைசி. நாளை கொடுக்கப்போவதில்லை. மாத்திரை தானாக வடிந்துவிட்டால் இதயம் தானாக எழுந்துகொள்ளும், மிஷின் வேண்டாம் என்று நீஷ்காரர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வடியவில்லை என்றால்? அனுப்புவதற்குள் வெட்டிவிட்டால்? சரக்கு இல்லாத கடையில் பூட்டை உடைக்கிற மாதிரி, கோளாறே இல்லாத நெஞ்சைத் திறந்து இரும்பை வைப்பார்கள். சாகும்வரை அது அங்கேயே இருக்கும். அவளுடைய வாய் மூடியிருந்ததற்கு அடையாளமாக.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தபோது, விதோமிர் அவள் கையைத் தொட்டான். புனிதர் நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"அடியே, கேட்டியா?" என்றான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "இதயமாம்."

"ம்."

"சாராயம் ஒரு சொட்டுகூட இல்லன்னு சொன்னாங்கல்ல? நீயும் கேட்டல்ல? நீ ஒண்ணு பண்ணு. சனிக்கிழமை சந்தைக்குப் போறப்போ ஸ்வெத்கோகிட்டச் சொல்லு. பாதிரியார்கிட்டயும். பாவம், அவர் அங்கி முழுக்கச் சாராயம். விதோமிர் குடிக்கல, அவனுக்கு நெஞ்சுல மிஷின் வச்சிருக்காங்க, வேணும்னா வந்து தொட்டுப் பாருங்கன்னு சொல்லு. தழும்பைக் காட்டிடறேன். தழும்பைப் பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

கத்திக்குப் பயப்பட வேண்டிய மனிதன் கத்தியைச் சாட்சிக்கு அழைக்கிறான். தெசாங்காவுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. சந்தையில் அம்மணமாக நிற்க வைத்தாலும் அவ்வளவு கூசியிருக்காது.

"நீ என்னை நம்பல, அது பரவால்ல," என்றான் அவன் தொடர்ந்து. "நான் பண்ணி வச்சதுக்கு யார்தான் நம்புவாங்க? கொட்டகையில நீ தேடினப்போகூட நானே நினைச்சேன், ஒருவேளை தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனோன்னு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு."

"டாக்டரம்மா!" என்று கூப்பிட்டாள் தெசாங்கா.

குரல் மறுபடியும் அளவுக்கு மீறி உரக்க வந்தது. அறையில் இருந்த மற்ற இரண்டு நோயாளிகளும் திரும்பினார்கள். டாக்டர் வந்தாள்.

"கொஞ்சம் வெளிய வாங்க, தனியாச் சொல்லணும்," என்றாள் தெசாங்கா. உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம். இங்கயே சொல்றேன். நான்தான் குடுத்தேன். மாத்திரை. கொதிப்பு மாத்திரை. காப்பில பொடிச்சு. இவருக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவை எடுத்தாள். "பேர் என்ன? எவ்வளவு?"

தெசாங்கா பெயரைச் சொன்னாள். முதலில் அரை என்றாள். பிறகு ஒன்று என்றாள். தலை சுற்றுகிறது என்றதும் கொதிப்பு ஏறிவிட்டதாக நினைத்துக் கூட்டியதைச் சொன்னாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பல்லாகப் பிடுங்குகிற மாதிரி வந்தது.

"தலை சுத்தினதே அந்த மாத்திரையால," என்றாள் டாக்டர் மெல்ல. "அழுத்தம் ஏற்கெனவே இறங்கிக் கிடந்திருக்கு. நீங்க மேலும் மேலும் இறக்கியிருக்கீங்க. அழுத்தம் கூடினாலும் தலை சுத்தலாம், குறைஞ்சாலும் சுத்தலாம். அளந்து பாக்காம ஒருத்தருக்குத் தெரியாது. ஒருத்தருக்கு எழுதின மாத்திரை இன்னொருத்தருக்கு ஆகவே ஆகாது. யாருக்கு எழுதினது இது?"

தெசாங்கா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"யாரோடது?" என்று இந்த முறை கேட்டது விதோமிர்.

"உங்க அம்மாவோடது."

"அம்மா ஏப்ரல்ல செத்துட்டா."

"மிச்சம் இருந்துச்சு."

ஜன்னலோரக் கட்டில் கிழவன் ஒருவன் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னும் எத்தனை பெட்டி இருக்கு?" என்றான் விதோமிர்.

"நாலு."

"கிரோஸ்தாவுக்குக் குடுத்துடாதே."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது மறுபடியும் டாக்டராக இருந்தாள். மாத்திரை உடம்பை விட்டு இறங்கும்வரை இங்கேயே வைத்துப் பார்ப்பதாகவும், நீஷுக்கு இப்போது வேண்டாம் என்றும் சொன்னாள். "இதை வீட்டுல திடீர்னு நிறுத்தியிருந்தா அதுவும் ஆபத்து. இதயம் எகிறியிருக்கும். சொன்னீங்களே, அது போதும்," என்றாள். தெசாங்காவுக்கு அந்த ஆறுதல் முள்ளாகக் குத்தியது. முதல் தடவை கேட்டபோது சொல்லியிருந்தால் அதில் ஏதாவது பெருமை இருந்திருக்கும்.

டாக்டர் போன பிறகு விதோமிர் சொன்னான்:

"அப்போ மிஷின் கிடையாது."

"கிடையாது."

"தழும்பும் கிடையாது." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, "சரி," என்றான். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்னை அடிச்சிருந்தா பரவால்ல, மருந்து குடுத்துக் கொன்னிருந்தாலும் பரவால்ல. நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணியிருக்க. ஆனா அன்னைக்கு வாயைத் திறந்து ஊதச் சொன்னியே. அதுக்கு மட்டும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"நான் போய்ச் சொல்றேன்."

"யார்கிட்ட?"

"அன்னைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும்."

"எல்லாத்தையும் சொல்லுவியா? உன்னைப் பத்தினதையும்?"

"சொல்றேன்."

அவன் அவளைப் பார்த்தான். பேரத்தில் ஏமாந்து பழகியவன் சரக்கைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான்.

நான்காவது நாள் இதயம் அறுபதைத் தாண்டியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், அவனுக்கு அழுத்தம் உண்மையிலேயே கொஞ்சம் அதிகம்தான் என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் கண்ணுக்குத் தெரியும்படி, அவன் வாயால் விழுங்க வேண்டும் என்று தெசாங்காவைப் பார்த்துச் சொன்னாள்.

கடன் வசூலிக்கத் தெசாங்கா எத்தனையோ வாசல் ஏறியிருக்கிறாள். கொடுப்பதற்காக வாசல் ஏறுவது வேறு வேலை என்று அந்த வாரம்தான் கற்றுக்கொண்டாள். பாதிரியார் வீட்டில் அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அங்கியைச் சலவைக்குப் போட்ட காசைப் பற்றி அவர் மனைவிதான் ஜாடையாகக் கேட்டாள், தெசாங்கா அதையும் கொடுத்துவிட்டாள். கிரோஸ்தா அழுதாள். தான் சொன்ன கொழுந்தன் கதையில் அந்தக் கொழுந்தன் செத்துப்போனவன் என்பதை அப்போதுதான் சேர்த்துச் சொன்னாள். ஸ்வெத்கோவிடம் சந்தை நடுவில், காலைக் கூட்டம் நிற்கும்போதே சொன்னாள். அவன் மிளகாய்ச் சரங்களுக்கு இடையே தலையை விட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"கிழவி செத்த பிறகும் மகனை ஆட்டிப் படைச்சிருக்கா! ஏ தெசாங்கா, பல்செட்டையும் அவனுக்கு மாட்டிப் பாத்தியா?"

"சிரிச்சுக்கோ," என்றாள் அவள். "ஆனா எல்லாருக்கும் சொல்லு. அவரு குடிக்கலன்னு முதல்ல சொல்லு, பிறகு என்னைப் பத்திச் சிரி."

அவன் சிரிப்பை நிறுத்தினான். விதோமிரின் கடைப்பக்கம் திரும்பி, தொப்பியைத் தூக்கி வைத்தான். விதோமிர் பதிலுக்குத் தலையசைத்தான். கம்பத்தைப் பிடிக்காமல் நின்றிருந்தான்.

கணவனின் சித்தப்பா மகன் லாரி ஓட்டுகிறவன். அவனைக் கடைசியாகப் பிடித்தாள். அவனும் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு, மன்னிப்பு என்ன வேண்டியிருக்கிறது என்றான். கிளம்பும்போது தெசாங்காவுக்கு ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு உன்கூட ஒருத்தர் வந்தாரே, பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு. ரெண்டு தடவை முட்டைக்கோஸ் சுருள் வாங்கிச் சாப்பிட்டாரே. அவர் யாரு? அவர்கிட்டயும் சொல்லணும்."

"அவரா? யாருக்குத் தெரியும். எல்லைக்குப் போற வழியில கை காட்டினார், ஏத்திக்கிட்டேன். புனிதர் நாள்னு சாப்பிட உள்ள கூப்பிட்டேன். எல்லை தாண்டி சோஃபியாப் பக்கம் எங்கயோ இறங்கிட்டார்."

"பேரு?"

"கேக்கல."

அவள் அன்றிரவு சமையலறையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். எங்கோ ஒரு சாப்பாட்டு மேசையில் பழுப்புக் கோட்டுக்காரர் ஒருவர், புனிதர் நாளில் பாதிரியார் மடியில் சாராயத்தைக் கொட்டின பிரோட்காரக் குடிகாரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கலாம், கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். அவள் கத்தியதைக் கேட்டவர்கள் பதினேழு பேர். போய்த் திருப்பிச் சொன்னது பதினாறு பேருக்கு. பாக்கி ஒருவர்.